பட்டனுக்கு நான் வைத்த பேர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, கூலாயில் என் டயர் கடையில் நின்று நான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

இதில் என்ன புதுசு என்கிறீர்களா? புதுசு இல்லைதான். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை லாரியில் கிளீனராக ஏறி, பிறகு அதே லாரியை ஓட்டி, அதற்கப்புறம் அந்த லாரிக்கே டயர் விற்றவன். இன்றைக்குச் சொந்தக் கடை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்க மூன்று வேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க நான் என்ன சாமியாரா?

அன்றைய பெருமைக்குக் காரணம், என்னுடைய ஆப். ஆமாம்... ஆப்! கைப்பேசியில் பிரவுசரைத் திறந்தாலே வந்துவிடும், இறக்கி வைக்க வேண்டியதில்லை. வெப் ஆப் என்று சொல்ல வேண்டுமாம். டயர் மாற்ற வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்திருந்தேன்.

"பதினோரு பேர் சார். பத்து வாரமா விடாம அழுத்துறாங்க. 'குறை சொல்ல'ன்னு தனியா ஒரு பெட்டியே வச்சிருக்கேன். தெறந்து பாருங்க... காலி! ஒரு குறைகூட இல்ல!"

அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். திரையில் பத்துப் பெயர்கள் பச்சையாக இருந்தன. ஒன்று மட்டும் சாம்பல் நிறம். யாரோ இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் போன் அடித்தது. டயாலிசிஸ் மையத்துத் தாதி. மலாய்க்காரப் பெண், தங்கமான பிள்ளை.

"அங்கிள், மாக்சிக் அஞ்சலை மானா?"

அஞ்சலை அக்கா எங்கே என்று கேட்கிறாள். சாம்பல் நிறத்தில் இருந்த பெயர் அதுதான்.

"இன்னைக்கு வரல போலிருக்கு" என்றேன்.

மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகச் சொன்னாள். சனிக்கிழமை மெஷினில் உட்கார்ந்தவர். ஞாயிறும் திங்களும் இடைவெளி. செவ்வாய்க்கிழமையைத் தவறவிட்டால் உடம்பில் நீர் ஏறி நெஞ்சை அடைத்துவிடும். போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டரை வரை நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன். அதற்கு மேல் முடியாது, அடுத்த ஆள் வந்துவிடுவார்.

என் கையில் இருந்த டயர் கேட்லாக் கீழே விழுந்ததுகூட எனக்குத் தெரியாது. தலைமையாசிரியர்தான் எடுத்துக் கொடுத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரம் மூன்று நாள், காலை ஷிப்டு முடிந்து சும்மா நிற்கிற என் வேன் ஒன்று பண்டார் தெங்காரா பக்கம் போய், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை ஏற்றிக்கொண்டு கூலாய் மையத்துக்கு வரும். காசு வாங்குவதில்லை. யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று டிரைவர் முனியாண்டி விடிந்ததும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ஒருநாள் இதைப் பார்த்தேன். இதற்கு ஏன் ஒரு ஆப் இருக்கக் கூடாது என்று தோன்றியது. எனக்குத் தோன்றியது! படித்தவன் எவனுக்கும் தோன்றவில்லை.

செய்து கொடுத்தது என் மருமகள் கோமதி. பெர்மாஸ் ஜெயாவில் வீடு, தினம் பாலம் தாண்டி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறில் எனக்காக உட்கார்ந்து செய்தாள். காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் இரண்டு பட்டன் — 'வரேன்', 'வரல'. அவ்வளவுதான். 'வரேன்' அழுத்தினால் பெயர் பச்சையாகும், வேன் வீட்டுக்கு வரும்.

"முதல்ல அஞ்சாறு பேர் உண்மையாப் பயன்படுத்தணும் மாமா. எங்க தடுமாறுறாங்கன்னு பக்கத்துல உட்காந்து பாக்கணும்" என்றாள்.

"அஞ்சாறு என்னம்மா? ஒரே நாள்ல வேன் முழுக்கத் தரேன்!"

தந்தேன். வேன் வாசலில் நின்று ஒவ்வொருவர் கைப்பேசியையும் வாங்கி, நானே திறந்து, நானே பதிந்து கொடுத்தேன். "சூப்பர் பாஸ்", "டாப் லா", "இதெல்லாம் உங்களாலதான் முடியும் பாஸ்" என்று எல்லாருக்கும் ஒரே பூரிப்பு. அஞ்சலை அக்கா மட்டும் போனைக் கொடுக்கவில்லை.

"கைய எடு தம்பி. நானே படிச்சுப் போட்டுக்குறேன். நீயும் ஆறாப்பு, நானும் ஆறாப்பு."

அவர் அப்படித்தான். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் மற்றவர்கள் பிள்ளைகளை வளர்த்தவர், எழுபதைத் தாண்டிய பிறகும் அதட்டல் போகவில்லை. இந்தப் பத்தியையும் விடாமல் படிப்பார். ஏதாவது ஒரு வாரம் ற-வுக்கு ர போட்டுவிட்டால் வேன் ஏறும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துவார்.

கோமதியிடம் போய், எல்லாரும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்றது, வணக்கம் சொல்ற மாதிரி மாமா. அதுல சேதி ஒண்ணும் இல்ல. நான் லீவு போட்டு ஒருநாள் வேன்ல போறேன். நீங்க வேணாம். நீங்க இருந்தா யாரும் வாய் தெறக்க மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் வேன், என் ஆப், என் ஆட்கள். நான் இருக்கக் கூடாதா? லீவெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் விட்டுவிட்டாள்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பிக்கப்பில் ஏறிக்கொண்டே முனியாண்டிக்குப் போன் போட்டேன். மற்றவர்களை மையத்தில் இறக்கிவிட்டுக் கீழே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சலை அக்காவ ஏன்டா ஏத்தல?"

"பேரு பச்சையாவல பாஸ். போன வியாழனும் அப்படித்தான் இருந்துச்சு, அன்னைக்கு மக கார்ல கொண்டாந்து விட்டாங்க. இன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சி..."

"ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"கேட்டா ஏசுறாங்க பாஸ். 'பட்டன் எதுக்கு இருக்கு? ஒவ்வொரு நாளும் எழுப்பி விடுறதுக்கு நீ என்ன சேவலா?'ன்னு கேட்டாங்க."

"மத்த பத்துப் பேரும் ஒழுங்கா அழுத்தினாங்கல்ல? அவங்களுக்கு மட்டும் என்ன?"

அவன் கிளாஸை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

"டேய் ஆண்டி!"

"பாஸ்... மத்தவங்களுக்கு நான்தான் அழுத்துறேன்."

"என்னடா சொல்ற?"

"காலையில வழக்கம்போல போன் போட்டுக் கேப்பேன். அப்புறம் தேத்தண்ணிக் கடையில உக்காந்து, டிரைவர் லிஸ்ட்டுல நானே அவங்க பேரையெல்லாம் அழுத்தி வுட்ருவேன். நீங்க பச்சை பச்சைன்னு சந்தோஷப்படுறீங்க... அதான்."

அலமாக்! பத்து வாரம். பதினோரு பேர். நான் கடைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் காட்டிய அந்தப் பச்சையில் பத்து, ஒரே ஆளின் ஒரே விரல். என் ஆப்புக்கு உண்மையாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான்... அந்த ஒருவரைத்தான் இப்போது காணவில்லை.

பதினொன்று இருபது. அஞ்சலை அக்கா வீடு, பண்டார் தெங்காராவுக்கு முன்னாலேயே பிரிகிற உள்ரோட்டில் ஏழு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்பனை. பெயர் பச்சையாக இல்லாவிட்டால் வேன் அந்த ரோட்டுக்குள் நுழையவே நுழையாது. நான்தான் அப்படிச் சட்டம் போட்டேன். வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் மிச்சம் என்று.

மழை பிடித்துக்கொண்டது. முன்னால் ஒரு குலை லாரி, நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி அசைந்து அசைந்து போகிறது. முந்த வழியில்லை. நான் ஹாரன் அடிக்கிறேன். என் வாழ்நாளில் குலை லாரிக்கு ஹாரன் அடித்தவன் இல்லை நான்.

கோமதி அழைத்தாள். கிளம்பும்போதே அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, நான் உள்ள போய்ப் பாத்துட்டேன். அக்கா இன்னைக்கு ஆப்புக்குள்ள வந்திருக்காங்க. ஒன்பது பத்துக்கு."

"வந்தாங்கன்னா ஏன் பச்சையாவல?"

"பட்டன் அழுத்தியிருக்காங்க... ஆனா வேற பட்டன்."

"எது?"

"நீங்க ஞாயித்துக்கிழமை மாத்தச் சொன்னது மாமா."

வைப்பர் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். மகன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு ஆப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு மூன்றாவது பட்டன். அழுத்தினால் ஆப்பை மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம். அதில் கோமதி 'வெளியேறு' என்று போட்டிருந்தாள்.

"என்னம்மா இது, கழுத்தப் புடிச்சித் தள்ற மாதிரி? நம்ம வீட்டுல யாராவது 'போறேன்'னு சொல்லிட்டுக் கெளம்புவாங்களா? அதுவும் நோயாளிங்க. 'போயிட்டு வரேன்'னு போடு. மங்களமா இருக்கும்."

"மாமா, மேல ஏற்கெனவே 'வரேன்'னு ஒரு பட்டன் இருக்கே. குழப்பிடாது?"

"அது வேற, இது வேற. உங்க கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. தமிழ் எனக்குத் தெரியும்."

மாற்றினாள். அதை அழுத்தினால் திரையில் வர வேண்டிய வாசகத்தையும் நானே சொன்னேன்: 'நன்றி. மீண்டும் சந்திப்போம்.'

இப்போது புரிகிறதா? கையில் பையோடு மெஷினுக்குக் கிளம்புகிற ஒரு தமிழ்ப் பொம்பளை வாசலில் என்ன சொல்வாள்? 'வரேன்' என்றா? 'போயிட்டு வரேன்' என்றுதானே!

லாரி ஒதுங்கியது. பறந்தேன்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு வீட்டு வாசல். கதவு பூட்டியிருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்தேன். ஜன்னலைத் தட்டினேன். செருப்பு இல்லை. கதவோரம் எப்போதும் தொங்குகிற கறுப்புக் குடை இல்லை. உள்ரோட்டிலேயேதான் வந்தேன், வழியில் ஒரு மனுஷரைப் பார்க்கவில்லை.

பிக்கப்புக்குத் திரும்பி ஓடினேன்.

யோசி, யோசி... வண்டி வரவில்லை என்றால் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளா? மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்திருப்பார். இந்த ரோட்டில் இல்லை என்றால்... செம்பனைக்குள் குறுக்கே ஒரு மண்பாதை. குலை லாரி ஓட்டினவனுக்கு அது தெரியும். பிக்கப்பை உள்ளே விட்டேன். சேற்றில் வழுக்குகிறது. இடமும் வலமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி இருட்டு.

மூன்றாவது திருப்பத்தில், வெட்டின குலைகளை லாரிக்காக அடுக்கி வைக்கிற மேடையில், கறுப்புக் குடை.

அதன் கீழே அஞ்சலை அக்கா. காலிரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தார். மூச்சு இரைத்தது. வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி...

"வண்டி கெட்டுப்போச்சா தம்பி?"

தூக்கி ஏற்றினேன். பதினொன்று ஐம்பத்தெட்டு. சீட்டைச் சாய்க்கப் போனேன்.

"சாய்க்காத. படுத்தா மூச்சு முட்டும்."

நிமிர்ந்தே உட்கார்ந்தார். ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். பேசாதீர்கள் என்றால் கேட்கிறாரா?

"ஒன்பதே முக்கால்லேர்ந்து... வாசல்ல நின்னேன். அப்புறம் போன் லைனும்... போச்சு. நான் அழுத்தினேன் தம்பி. இந்தா பாரு." கைப்பேசியை நீட்டினார். திரையில் என்னுடைய வாசகம். நன்றி. மீண்டும் சந்திப்போம். "நன்றின்னு... போட்டிருக்கா இல்லியா?"

"போட்டிருக்குக்கா."

"புதுசாப் பேரு மாத்தியிருந்துச்சு. பழசுக்கு இது நல்லா இருக்கேன்னு... நெனச்சேன். சும்மா 'வரேன்' என்ன 'வரேன்'? நாம போற எடம் அப்படி. போயிட்டு... திரும்பி வரணும்ல?"

ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அந்தப் பேர வச்சது நான்தான்கா. அது ஆப்ப மூடுற பட்டன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும். படிக்கும்போதே... உன் எழுத்து மாதிரிதான் இருந்துச்சு. அலங்காரம் ஜாஸ்தி."

அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஏசுங்கக்கா, ஏதாவது ஏசுங்க என்றேன். கையை மட்டும் ஆட்டினார். கூலாய் டோலைத் தாண்டும்போது பன்னிரண்டு பத்தொன்பது. இரண்டு சிக்னல் சிவப்பு. இரண்டாவதில் நான் நின்றேனா இல்லையா என்று இங்கே எழுதப்போவதில்லை.

பன்னிரண்டு இருபத்தெட்டு. மையத்து வாசலில் அந்தத் தாதி சக்கர நாற்காலியோடு மழையில் நின்றுகொண்டிருந்தாள். முனியாண்டி குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

நான் யாருக்காகவும் காத்திருந்து பழக்கமில்லாதவன். அன்றைக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். எதிரே சுவரில் ஆலோசனைப் பெட்டி ஒன்று தொங்கியது. பூட்டில் துரு. அதுவும் என் குறைப்பெட்டி மாதிரிதான்.

மெஷினிலிருந்து எழுந்து வந்தபோது அக்காவின் முகத்தில் ரத்தக்களை வந்திருந்தது. குரலும் திரும்பியிருந்தது. முனியாண்டியைக் கூப்பிட்டு முதலில் அவனை ஏசினார். பிறகு என் பக்கம்.

"இப்ப அந்தப் பட்டனுக்கு என்ன பேரு வைக்கப்போற?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

"மூடுற பட்டன எடுத்துரு. போன மூடி வைக்க எங்களுக்குத் தெரியும். அந்த 'வரேன்'னு இருக்குல்ல... அதுல 'வண்டி அனுப்பு'ன்னு போடு."

"மரியாதையா 'அனுப்புங்க'ன்னு போடலாமே?"

"உனக்கு என்னா மரியாதை? 'அனுப்பு'ன்னே போடு."

அன்றே கோமதியிடம் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் மாற்றினாள். "நீ சொன்னதுதான் சரின்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கணும்மா" என்றேன். 'அப்பவே சொன்னேன்ல' என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கலாம். கூடவே இன்னொரு சட்டத்தையும் மாற்றினேன். பெயர் பச்சையாகாவிட்டால் முனியாண்டி போன் போட வேண்டும், போன் கிடைக்காவிட்டால் வேன் வீட்டு வாசல் வரை போக வேண்டும். மற்றவர்களுக்காக அவன் விரல் பட்டன் பக்கமே போகக் கூடாது. எண்ணெய் போனால் போகட்டும்.

வியாழக்கிழமை வேனில் நானே ஏறி உட்கார்ந்தேன். ஏன் யாரும் அழுத்தவில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். கடைசி சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"எழுத்து பொடிசா இருக்கு பாஸ். எங்களுக்குத் தெரியல."

"பத்து வாரமா ஏன் சொல்லல?"

"வண்டி ஓசி. குறை வேற சொல்லணுமா?"

இலவசமாகக் கொடுக்கிறவன் காதுக்கு உண்மை வந்து சேராது. நான் கட்டணம் வாங்கியிருந்தால் முதல் நாளே சட்டையைப் பிடித்திருப்பார்கள். நாற்பது வருஷம் வியாபாரம் செய்த எனக்கு இது தெரியாமல் போனதே என்பதுதான் ஆச்சரியம்! எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டேன்.

இப்போது பச்சையாவது மூன்று பேர். வெறும் மூன்று. ஆனால் மூன்று விரல். கடைக்கு வருகிறவர்களிடம் இதையும் காட்டத்தான் செய்கிறேன், பழக்கத்தை விட முடியுமா?

அதே வியாழக்கிழமை காலை, வேனில் ஏறுவதற்கு முன்னால், ஒன்பது மணிக்கெல்லாம் திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்பது ஐந்து... சாம்பல். ஒன்பது எட்டு... சாம்பல். சாவியை எடுத்துவிட்டேன். ஒன்பது பத்துக்குப் பச்சை. 'அஞ்சலை: வண்டி அனுப்பு.' இத்தனை நாளும் காலியாக இருந்த குறைப்பெட்டியிலும் முதல் தடவையாக ஒரு செய்தி: 'போன வாரப் பத்தியில் மூன்று பிழை.'

எனக்கு உத்தரவு போட்டவன் எவனும் கிடையாது என்று இதே இடத்தில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். இப்போது வாரத்தில் மூன்று நாள், காலை ஒன்பது பத்துக்கு, ஒரு ஆறாப்பு என்னை 'அனுப்பு' என்று அதட்டுகிறது.

அனுப்பிவிடுகிறேன்.